மேஸ்திரி கையில் வீடு: அந்தமானில் பழைய வீட்டைப் புதுப்பிப்போர் கவனத்துக்கு

ஜனவரி பிறந்து வானம் வெளுத்துவிட்டால் போர்ட் பிளேரில் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட இந்நகரில் ஜங்லிகாட், ஹடோ, டெய்ரி ஃபார்ம், டாலிகஞ்ச், காராச்சர்மா என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு வீட்டில் தகரம் பிரிகிறார்கள், இன்னொரு வீட்டில் சாரம் கட்டுகிறார்கள். மே மாத நடுவில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். அது ஓய்வதற்குள் வடகிழக்கு மழை வந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர், சென்னையில் பெய்வதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு மழை பெய்யும் இடம் இது. ஆகவே கட்டட வேலைக்குக் கிடைப்பது வருடத்தில் நான்கே மாதம்தான். வீட்டுக்காரரின் அவசரமும் மேஸ்திரியின் ஆசையும் ஒன்றாகச் சேருவது அந்த நான்கு மாதத்தில்தான்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள் முன்னோர். பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுவதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தமானுக்கு வந்து குடியிருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுவோர். துறைமுகத்திலும் மராமத்து வேலையிலும் கடை கண்ணியிலும் உழைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, மரப்பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வீட்டை எழுப்பியவர்கள் பலர். மகனுக்குக் கல்யாணம், மகளுக்குப் பிரசவம் என்று வரும்போது அந்த வீட்டை இரண்டு அறை நீட்டி, மேலே கான்கிரீட் போட வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. வாழ்நாள் சேமிப்பு அத்தனையும் அந்த ஒரு வேலையில் இறங்குகிறது. அது எந்த மேஸ்திரி கையில் போகிறது என்பதுதான் கேள்வி.

"நமக்குள் என்ன எழுத்து?"

ஜங்லிகாட்டில் குடியிருக்கும் ஓர் அரசாங்க எழுத்தரை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் பத்து ரூபாய் பென்சில் வாங்கினாலும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டு, கோப்பில் வைத்து, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குபவர் அவர். மராமத்துத் துறையில் வேலை என்றால் அளவுப் புத்தகம் எழுதாமல் ஒரு காண்ட்ராக்டருக்கும் பைசா போகாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் சொந்த வீட்டு வேலை என்று வரும்போது, யாரோ ஒருவர் அழைத்து வந்த மேஸ்திரி திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "சார், நீங்க ராமநாதபுரம், நான் பக்கத்து ஊரு. நமக்குள்ள என்ன எழுத்து? முன்பணம் கொடுங்க, நாளைக்கே ஆள் இறக்கிடறேன்" என்றால் மனம் இளகிவிடுகிறது. சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் நான்கு எண்களைக் கூட்டிக் காட்டுகிறார் மேஸ்திரி. அதுதான் மதிப்பீடு, அதுதான் ஒப்பந்தம்.

ஊர்க்காரர் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் ஊர்ப் பாசம் சுண்ணாம்பையும் சிமென்டையும் இறுக்கிப் பிடிக்காது. அவர் கடைசியாக முடித்த இரண்டு வீடுகளையாவது நேரில் போய்ப் பார்ப்பது முதல் வேலை. புதிதாக வெள்ளையடித்த வீட்டைப் பார்த்துப் பயனில்லை. ஒரு மழைக்காலம் கடந்த வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கே கூரைக்கும் சுவருக்கும் சேரும் இடத்தில் ஈரக்கறை இருக்கிறதா, குளியலறைச் சுவரின் மறுபக்கம் உப்புப் பூத்திருக்கிறதா என்று கவனித்துவிட்டு, அந்த வீட்டு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். "ஆள் நல்லவர், ஆனா மாசத்துல பாதி நாள் வரமாட்டார்" என்ற ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிடும்.

பாதி நாள் வராமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு மாதத்தில் ஆறு வீடுகளுக்கு அச்சாரம் வாங்கிவிடுகிறார்கள். இங்கே தகரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு அங்கே அஸ்திவாரம் தோண்டப் போகிறார்கள். பிரித்த வீட்டுக்காரர் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. இதனால்தான் கூரையைப் பிரிக்கும் நாளுக்கு முன்பே தேவையான கம்பியும் சிமென்டும் கையிருப்பில் வந்துசேர வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். பொங்கலுக்குத் தமிழ்த் தொழிலாளிகள் கப்பலேறுவதும், துர்கா பூஜைக்கு வங்காளத் தொழிலாளிகள் கிளம்புவதும் வருடம் தவறாமல் நடப்பவை. அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் வேலை முடியும் நாளைக் குறிப்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் மேஸ்திரி முன்பணத்தோடு மறைந்தால், பஸ் ஏறி அவர் ஊருக்குப் போய் வாசலில் உட்காரலாம். இங்கிருந்து சென்னை 1,190 கிலோ மீட்டர். கப்பலில் போனால் மூன்று நாள். முன்பணம் கைமாறும் முன் அவருடைய அடையாள அட்டையின் நகலும், தீவில் அவர் தங்கியிருக்கும் முகவரியும், ஊர் முகவரியும் வாங்கி வைப்பது அவநம்பிக்கை ஆகாது. கேட்டவுடன் முகம் சுளிக்கிற மேஸ்திரியை அங்கேயே விட்டுவிடலாம்.

எதை எழுதுவது?

முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் போதும். வேலை என்னென்ன, எந்த அறையில் எவ்வளவு நீள அகலம், பழைய மரமும் தகரமும் யாருக்குச் சொந்தம், இடிபாடுகளை அப்புறப்படுத்துவது யார் செலவு, எந்தத் தேதியில் முடியும், முடியாவிட்டால் வாரத்துக்கு எவ்வளவு கழிப்பு ஆகியவை இருந்தால் ஒப்பந்தம் ஆயிற்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்வார்த்தையையும் ஒப்பந்தமாக ஏற்கத்தான் செய்கிறது. ஆனால் வாய்வார்த்தையை நிரூபிக்க யாரைக் கூப்பிடுவது? இத்தீவில் ஒப்பந்தமும் ரசீதும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருப்பது வழக்கம். இந்தி சரளமாகப் பேசுகிறவர்களிலும் படிக்கத் தெரியாதவர்கள் உண்டு. நம்பிக்கையான ஒருவரை வரிவரியாகப் படித்துச் சொல்லச் செய்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவதில்தான் பெரும்பாலான சண்டை பிறக்கிறது. எந்தச் சதுர அடி? உள்சுவருக்கு உள்சுவரா, வெளிச்சுவரையும் சேர்த்தா, ஜன்னல் மேல் சன்ஷேடும் மாடிப்படியும் கணக்கில் வருமா, வராண்டா முழு அளவா பாதி அளவா? வேலை தொடங்கும் முன் இதைக் கேட்டால் மேஸ்திரி சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். முடிந்த பிறகு கேட்டால் இருவரும் சிரிக்க மாட்டார்கள்.

கூலிக்கு மட்டும் ஒப்பந்தமா, பொருளோடு சேர்த்தா என்பது அடுத்தது. சிமென்டும் கம்பியும் சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டிய ஊர் இது. கப்பல் தாமதமானால் கடையில் விலை ஏறும். பொருளோடு ஒப்பந்தம் என்றால் அந்த விலையேற்றம் யார் தலையில் விழும் என்பதை எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், விலை ஏறிய அன்றே மேஸ்திரிக்குக் காய்ச்சல் வந்துவிடும். கையில் நேரம் இருப்பவருக்குக் கூலி ஒப்பந்தமே நல்லது. பொருளைத் தானே பில்லோடு வாங்கிப் போடலாம்.

மூட்டை, கம்பி, மணல்

சிமென்ட் மூட்டையின் மீது அது அடைக்கப்பட்ட வாரமும் வருடமும் அச்சிடப்பட்டிருக்கும். நிலப்பகுதியில் அதை யாரும் பார்ப்பதில்லை. தீவில் பார்த்தே ஆக வேண்டும். ஆலையிலிருந்து துறைமுகம், கப்பல், கிடங்கு, கடை என்று வந்துசேரும்போது மூட்டைக்கு வயதாகிவிடுகிறது. மூன்று மாதமான சிமென்ட் ஐந்தில் ஒரு பங்கு வரை வலுவை இழந்துவிடும் என்பது பொறியியல் கணக்கு. ஈரக்காற்றில் இன்னும் வேகமாகக் கெடும். கையை விட்டால் கட்டி தட்டுப்படுகிற மூட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டில் அடுக்கும்போதும் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்க வேண்டும்.

கம்பி எடைக்கு விற்கப்படுவது. 12 மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கம்பி ஒன்று ஏறக்குறைய 4.7 கிலோவும், 10 மி.மீ. கம்பி 7.4 கிலோவும், 12 மி.மீ. கம்பி 10.7 கிலோவும் இருக்கும். பத்துக் கம்பிகளை எடை போட்டால் உண்மை தெரிந்துவிடும். 12 என்று வரைபடத்தில் எழுதி 10 கட்டுவது பழைய தந்திரம். கான்கிரீட் மூடிய பிறகு யாரால் கண்டுபிடிக்க முடியும்? ஆகவே கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட் போடும் முன் ஒரு நாள் வேலையை நிறுத்தி, எண்ணிப் பார்த்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மணல்தான் அந்தமானின் தலைவலி. கடற்கரை மணலை வாரிக் கட்டிய காலம் ஒன்று இருந்தது. கரைகள் அரித்துப்போகின்றன என்ற புகார் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சேகர் சிங் குழுவின் அறிக்கையைப் பெற்று, 2002 மே மாதம் நீதிமன்றம் மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்க உத்தரவிட்டது. அன்றிலிருந்து மணலுக்குத் தட்டுப்பாடு. கல் அரைத்த தூள் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. நல்ல கல்தூள் தவறான பொருள் அல்ல. ஆனால் "ராத்திரி ஒரு லோடு இறக்கிடறேன், பாதி விலை" என்று எவராவது சொன்னால் அது கடல் மணல் என்று அறிந்துகொள்ளலாம். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அந்த உப்பு கம்பியைத் தின்றுவிடும். ஒரு கன மீட்டர் கம்பிக் கான்கிரீட்டில் 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர விதி. கழுவாத கடல் மணலும் கடல் தண்ணீரும் சேர்ந்தால் அந்த அளவு எங்கேயோ போய்விடும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து, சில வருடங்களில் சீலிங் துண்டு துண்டாகத் தொட்டிலில் விழும்.

இப்படி விழுந்த சீலிங்கைப் பூசி மறைப்பது இன்னொரு வியாபாரம். நாலு தட்டுத் தட்டி, மேலே சாந்து அப்பி, வெள்ளையடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த மழையில் அதே இடம் மறுபடி விழும். சரியாகச் செய்கிறவர் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தியெடுத்து, துருவைச் சுரண்டி, இளைத்துப்போன கம்பிக்கு மாற்றுக் கம்பி சேர்த்த பிறகே பூசுவார். அதற்கு நாளும் ஆகும், பணமும் ஆகும். யாருடைய தொகை மிகவும் குறைவாக இருக்கிறதோ அவர் இந்த வேலையில் எதை விட்டுவிடப் போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1883-லிருந்து மரம் அறுத்துவரும் சாத்தம் ஆலை உள்ள ஊரில் படாக் மரத்தின் மேல் ஆசை வருவது இயற்கை. பில் இல்லாத மரம் வீட்டு வாசலில் இறங்கினால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

பூமி அசையும் இடம்

மற்ற ஊர்களில் மோசமான மேஸ்திரியால் பணம் போகும். இங்கே உயிரும் போகலாம். நாட்டின் நில அதிர்ச்சி வரைபடத்தில் மிகக் கடுமையான பகுதியில் நெடுங்காலமாக வைக்கப்பட்டிருக்கும் தீவுகள் இவை. 1941 ஜூன் 26-ல் ஒரு பெரும் பூகம்பம். 2004 டிசம்பர் 26 காலையில் வந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்கள் கடலுக்குள் போயின.

பழைய பலகை வீடு அசைந்து கொடுக்கும். கனமும் இல்லை. அதே வீட்டில் பலகையை எடுத்துவிட்டு சிமென்ட் கல் சுவர் எழுப்பி, அதன் தலையில் பல டன் எடையுள்ள கான்கிரீட் தளத்தை ஏற்றும்போது, வீட்டின் குணமே மாறிவிடுகிறது. "பழைய அஸ்திவாரமே தாங்கும் சார், நான் எத்தனை வீடு போட்டிருக்கேன்" என்பார் மேஸ்திரி. அவர் போட்ட வீடுகள் 2004 போன்ற ஒரு காலையை இன்னும் பார்க்காமல் இருக்கலாம். அஸ்திவாரமும் தூணும் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல வேண்டியவர் பொறியாளர். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதிதான். அதை மிச்சம் பிடிக்கிறவர்கள் அதைப் போல் பல மடங்கு டைல்ஸுக்குக் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்காரரே நின்று பார்க்கக்கூடியவையும் உண்டு. தூணிலும் உத்தரத்திலும் கட்டும் வளையங்களின் முனை, மூலையில் வெறுமனே மடங்கி நிற்காமல், கான்கிரீட்டின் உள்பக்கம் நோக்கிக் கொக்கிபோல் வளைந்திருக்க வேண்டும். குலுக்கலில் வளையம் விரிந்துகொடுக்காமல் இருப்பது அந்தக் கொக்கியால்தான். ஜன்னல் மேல்மட்டத்தில் வீட்டைச் சுற்றி ஒரே பெல்ட்டாகக் கம்பிக் கான்கிரீட் ஓட வேண்டும்; ஜன்னலுக்கு ஜன்னல் துண்டு லின்டல் போட்டால் போதாது. கடலோரக் காற்றுக்குக் கம்பியின் மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது தர விதி. அதற்குக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குகள் வேண்டும். கூழாங்கல்லைச் சொருகிவிட்டுப் போகிறவரைத் தடுக்க வேண்டும்.

தகரக் கூரையே போதும் என்று முடிவு செய்பவர் புத்திசாலி. ஆனால் அதிலும் ஆணி தகரத்தின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடும்.

தண்ணீர் இல்லாத மாதத்தில் கான்கிரீட்

வேலை நடக்கும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் தனிகாரி அணையில் தண்ணீர் இறங்கும், குழாயில் முறை வைத்து வரும். புதிய கான்கிரீட்டுக்கோ அப்போதுதான் தாகம். இன்று கடையில் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமென்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். 500 சதுர அடித் தளத்தில் பாத்தி கட்டி ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் சுமார் 1,200 லிட்டர் ஆகிறது; வெயிலில் அது வற்ற வற்ற நிரப்ப வேண்டும். குடிக்கவே குடத்தோடு நிற்கும் வீட்டில் இது நடக்கிற காரியமா? சாக்கை நனைத்து விரித்து, மேலே பிளாஸ்டிக் தாளை மூடினால் நாலில் ஒரு பங்குத் தண்ணீரில் வேலை நடக்கும். தண்ணீர் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் வர வேண்டும். பெரும்பாலும் வருவதில்லை. மேஸ்திரி இரண்டாம் நாளே அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். தளம் வெடிக்கிறது, பிறகு "வாட்டர் புரூஃபிங்" என்று தனிச் செலவு.

அனுமதி

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று மேஸ்திரி சொல்லும் வார்த்தைகளில் மிகவும் ஆபத்தானது அனுமதி பற்றியது. நகராட்சி எல்லைக்குள் மாடி எடுக்கவும் அறை நீட்டவும் நகராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். இத்தீவுகளில் நிலம் 1966-ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின் கீழ் வருகிறது. வீட்டுமனையா, விவசாய நிலமா, உரிமத்தில் இருப்பதா என்று பட்டாவைப் பார்த்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். கடலுக்கு அருகில் என்றால் 2019-ஆம் ஆண்டின் தீவுக் கடலோர விதிகள் வேறு. நோட்டீஸ் வந்தால் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும்.

பணத்தை எப்போது கொடுப்பது?

முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அடுத்த தவணைகள் நாள் கணக்கில் போகாமல், அஸ்திவாரம் முடிந்தது, லின்டல் முடிந்தது, தளம் போட்டாயிற்று என்று வேலையின் கணக்கில் போக வேண்டும். சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி என்று வந்து நிற்பார்கள். மேஸ்திரிக்குக் கொடுத்தது எவ்வளவு, கூலியாக நேரே கொடுத்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி இருவரும் கையெழுத்திட்டால் கடைசி நாள் தகராறு பாதியாகும். வங்கி வழியாகக் கொடுப்பது இன்னும் நல்லது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2017 விதிகளின்படி வீட்டை விரிவாக்க 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 10 லட்சம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவரை முன்பணம் கிடைக்கும். அதை நம்பி இறங்குகிறவர், பணம் கைக்கு வரும் நாளையும் மேஸ்திரியின் தவணையையும் பொருத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இடையில் வட்டிக்கடை நுழையும்.

அரசாங்க வேலையில் ஒரு பகுதித் தொகையைப் பிடித்து வைத்து, குறித்த காலம் ஆனபின் விடுவிக்கும் வழக்கம் உண்டு. அதை வீட்டுக்கும் கொண்டுவரலாம். பத்து சதவீதத்தை ஜூன், ஜூலை மழை கடக்கும் வரை நிறுத்தி வைப்பது என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் நல்ல மேஸ்திரி ஒப்புக்கொள்வார்.

அப்படியும் ஏமாற்றம் வந்தால்? வீடு கட்டும் பணி 1993 திருத்தத்திலேயே நுகர்வோர் சட்டத்தில் "சேவை" ஆகிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம். ஆனால் காண்ட்ராக்ட் இல்லாமல் தினக்கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்கியவருக்கு இந்த வழி பெரும்பாலும் திறக்காது. அது சட்டத்தின் பார்வையில் வேலைக்கு ஆள் வைத்ததாகிவிடும். ஆணையத்தின் முன் வைக்க வேண்டியவை முத்திரைத்தாள், கையெழுத்திட்ட நோட்டு, சிமென்ட் பில், கான்கிரீட் மூடும் முன் எடுத்த கம்பிப் படம் ஆகியவைதான். சிகரெட் அட்டையை யாரும் பத்திரப்படுத்தி வைப்பதில்லை.